நம் வெயிலைத் தாங்கும் ஒயின் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுச் சுற்றுலாவிலிருந்து திரும்புவோர் நினைவாக வாங்கி வரத்தக்க பொருள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் ஐரோப்பிய ஒயின் ஒன்றை வாங்கி வந்து வரவேற்பறை ஷோகேஸில் வைக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை அப்படியே விட முடியாது. எந்த ஒயின், எப்படிக் கொண்டுவருவது, வந்தபின் எங்கே வைப்பது என்று சொல்லாமல் விட்டால், ஆசையாக வாங்கி வந்தது அடுத்த கத்திரி வெயில் முடிவதற்குள் பாழாகிவிடும். பாட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், திறந்தால்தான் தெரியும்.

காரணம் எளிது. சாதாரண ஒயினை 12 முதல் 15 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஏ.சி. ஓடாத நேரத்தில் சென்னை, மதுரை வீடுகளின் கூடத்தில் 33, 35 டிகிரி இருப்பது கோடையில் அன்றாடம். 750 மில்லி ஒயின் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் ஐந்து மில்லியாவது விரியும். கார்க்குக்குக் கீழே உள்ள காற்றிடமே ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே உள்ளே அழுத்தம் கூடி, கார்க் மேலே நகரும். அல்லது ஓரமாக ஒயின் கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இப்படி நாள்தோறும் நடந்தால் பழ வாசனை போய், நிறம் பழுப்பேறி, வேகவைத்த பழத்தின் சுவை வந்துவிடும். இதில் ஷோகேஸின் டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் வேறு. நிறமில்லாத கண்ணாடியில் வரும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின்கள் வெளிச்சத்துக்குத்தான் முதலில் பலியாகும்.

ஆகவே நம் ஊருக்கு வாங்கி வர வேண்டியது, ஏற்கெனவே வெயிலில் வெந்து தேறிய ஒயின். அப்படி ஒன்று இருக்கிறது: மடெய்ரா.

மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள போர்ச்சுகல் நாட்டுத் தீவு மடெய்ரா, தலைநகர் ஃபுன்ஷால். பாய்மரக் கப்பல் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் கப்பல்கள் அங்கே நின்று தண்ணீரும் உணவும் ஒயினும் ஏற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 418 லிட்டர் பிடிக்கும் ‘பைப்’ என்ற பீப்பாய்களில் ஒயின் வெப்பமண்டலத்தைக் கடந்தது. கெடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு: மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளப் புழுக்கத்தில் கிடந்த ஒயின் முன்பைவிட நன்றாக இருந்தது. பிறகு இதற்காகவே பீப்பாய்களை இந்தியாவரை அனுப்பித் திரும்பவும் ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய் அதிக விலைக்கு விற்றார்கள். கிழக்கிந்திய கம்பெனிக் காலத்துச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசையில் வழக்கமாக இருந்ததும் மடெய்ராதான். நம் வெயிலில் கெடாமல் தாக்குப்பிடிக்கும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இன்று கப்பல் பயணம் இல்லை. வெப்பத்தைத் தீவிலேயே கொடுக்கிறார்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மலிவு வகைகளை எஃகுத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை குறைந்தது மூன்று மாதம் சூடுபடுத்துவார்கள். இது எஸ்டுஃபாஜெம். உயர்ந்த வகைகளை, நம் வீட்டுப் பரணைப் போல ஓட்டுக்கு அடியில் வெயில் இறங்கும் மேல்தளங்களில் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். இது கன்டெய்ரு. இரண்டிலுமே நொதிக்கும்போது இடையில் 96 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவதால், ஆல்கஹால் 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். எரிமலை மண்ணில் விளையும் திராட்சை என்பதால் புளிப்பும் அதிகம். வெப்பமும் காற்றும் ஒரு ஒயினுக்குச் செய்யக்கூடிய கெடுதலையெல்லாம் இது பீப்பாயிலேயே அனுபவித்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு திருச்சி வெயில் அதை என்ன செய்துவிடும்?

வாங்கும்போது லேபிளில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: திராட்சையின் பெயர், வயது. செர்சியால் என்றால் இனிப்பு மிகக் குறைவு, புளிப்பு தூக்கல். வெர்டெல்யோ அதைவிடச் சற்று இனிப்பு. பூவால் நல்ல இனிப்பு. மால்வசியா (ஆங்கிலேயர் வழக்கில் மாம்சி) மிக இனிப்பு. தீவில் அதிகம் பயிராகும் டின்டா நெக்ராவில் எல்லாப் பதத்திலும் செய்வார்கள். வயது குறைந்த பாட்டில்கள் பெரும்பாலும் அதுதான். ஒயின் பழக்கம் இல்லாத உறவினர்களோடு பகிர வாங்குவோர் பூவால் வாங்கினால் ஏமாற மாட்டார்கள். செர்சியாலை முதல்முறை குடிப்பவர் முகத்தைச் சுளிப்பார்.

வயதில், 3 ஆண்டு என்று போட்டிருப்பது சமையலுக்கும் சுற்றுலாக் கடைக்கும் ஆனது. 5 ஆண்டு ‘ரிசர்வா’ பரவாயில்லை. 10 ஆண்டிலிருந்துதான் மடெய்ராவின் உண்மையான குணம் தெரியும். கொடுக்கும் காசுக்கு அதுவே மிகவும் தகும். 15 ஆண்டு இன்னும் ஆழம். குறிப்பிட்ட ஒரே ஆண்டின் அறுவடையில் செய்து குறைந்தது 5 ஆண்டு பீப்பாயில் வைத்தது கொல்யெய்டா. குறைந்தது 20 ஆண்டு வைத்தது ஃபிரஸ்கெய்ரா. திருமண ஆண்டு, பிள்ளை பிறந்த ஆண்டு என்று தேடி வாங்குபவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் வழி. ஃபிரஸ்கெய்ரா ஒரு பாட்டில் எளிதில் 100 யூரோவைத் தாண்டும். அதில் அறுவடை ஆண்டு மட்டும் போதாது; பாட்டிலில் அடைத்த ஆண்டையும் கடைக்காரரிடம் கேளுங்கள். பாட்டிலுக்குள் போனபின் மடெய்ரா பெரிதாக வளர்வதில்லை. அதன் அருமை பீப்பாயில் கிடந்த ஆண்டுகளில்தான்.

மூடியின் மேல், தீவின் ஒயின் வாரியமான ஐ.வி.பி.ஏ.எம். வழங்கும் உத்தரவாத முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அது கிழிந்திருந்தால் வேறு பாட்டில் கேளுங்கள். ஃபுன்ஷாலில் பிளாண்டீஸ், டி'ஒலிவெய்ராஸ், பக்கத்து ஊரான கமாரா டி லோபோஸில் என்ரிகஸ் & என்ரிகஸ் ஆகிய பழைய நிறுவனங்களில் சுவைத்துப் பார்த்தே வாங்கலாம். தீவுவரை போக வாய்ப்பில்லாதவர்கள் லிஸ்பனிலோ லண்டனிலோ நல்ல ஒயின் கடையில் கேட்டால் 10 ஆண்டு வகைகள் கிடைக்கும்.

இனி கணக்கு. இந்தியாவுக்குள் ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். ஒயின், பீர், விஸ்கி எல்லாம் சேர்ந்துதான் இந்த 2 லிட்டர். பலர் இடறுவது இங்கேதான்: மூன்று 750 மில்லி பாட்டில் சேர்த்தால் 2.25 லிட்டர். கால் லிட்டர் கூடினாலும் கூடியதுதான். அதைச் சொல்லாமல், அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனலில் நடப்பது தவறு. அதிகப்படிக்கு விதிக்கும் வரியைக் கட்டுவதற்குப் பதில் அந்தப் பாட்டிலையே விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றும். இந்த வகையிலும் மடெய்ரா வசதியானது. 10, 15 ஆண்டு வகைகள் பல 500 மில்லி பாட்டிலில் வருகின்றன. நான்கு வாங்கினால் சரியாக 2 லிட்டர். மூன்று 500 மில்லி பாட்டிலும் பத்து 50 மில்லி குட்டிப் பாட்டிலும் வாங்கினாலும் அதே 2 லிட்டர். அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கொடுக்க இதைவிடத் தோதான பரிசு இல்லை. நான்கு திராட்சை வகைகளும் சேர்ந்த குட்டிப் பாட்டில் பெட்டிகள் அங்கே எளிதில் கிடைக்கும்.

கணவன், மனைவி இருவரும் பயணம் செய்தால் ஆளுக்கு 2 லிட்டர். ஆனால் ஒருவரின் சலுகையை இன்னொருவரின் சலுகையோடு சேர்த்துக் கணக்குக் காட்ட விதி இடம் தராது. நான்கு லிட்டரையும் ஒரே பெட்டியில் அடுக்காமல் அவரவர் பெயரில் போகும் பெட்டியில் அவரவர் பங்கை வையுங்கள். சென்னையில் இறங்கியதும் வருகைப் பகுதி டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள் அடங்கியதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடை பில்லைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்; பெட்டிக்குள் போட்டால் கேட்கும்போது எடுக்க முடியாது. இந்தியாவுக்குள்ளேயே குஜராத், பீகார் போன்ற மதுவிலக்கு மாநிலங்களுக்கு மேற்கொண்டு போகிறவர்கள் அந்த மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் திரும்புகிற தமிழர்களுக்குக் கணக்கு வேறு: ஒயின் மட்டும் என்றால் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுபோகலாம், ஆனால் 48 மணி நேரமாவது நாட்டுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்தால் சலுகை கிடையாது.

விமான விதியைப் பொறுத்தவரை, 24 சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் கொண்ட எதையும் செக்-இன் பெட்டியில் வைக்க அபாயப் பொருள் கட்டுப்பாடு இல்லை. எடை வரம்பு மட்டும்தான். மடெய்ரா, அதைப் போலவே சாராயம் சேர்த்த ஒயின்களான போர்ட், ஷெர்ரி எல்லாமே இந்த வரம்புக்குள் வருபவை. ஊர்க்கடையில் வாங்கியதைக் கைப்பையில் எடுத்துப்போக முடியாது. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் பெரும்பாலான விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். விமான நிலையத்துக்கு உள்ளே வாங்கினால், பில் தெரியும்படி வைத்து முத்திரையிட்ட பையில் தரச் சொல்லி, வீடு வரும்வரை அதைப் பிரிக்காதீர்கள். லிஸ்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் துபாயிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ மீண்டும் சோதனை இருக்கும். பிரித்த பையைக் குப்பைத் தொட்டியில்தான் போடுவார்கள். டெல்லி, மும்பை வழியாக மதுரைக்கோ திருச்சிக்கோ வருகிறவர்கள் அங்கே சுங்கம் முடிந்ததும், அடுத்த விமானத்துக்குப் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பாட்டில்களைப் பெட்டிக்குள் மாற்றிவிடுவது நல்லது.

பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஃபுன்ஷால் விமான நிலையம் குறுக்குக் காற்றுக்குப் பேர்போனது. காற்று பலமானால் விமானங்கள் தாமதமாகும், சில சமயம் வேறு ஊரில் போய் இறங்கும். அடுத்த விமானம் தவறி, மதுவுக்குத் தடை உள்ள குவைத் போன்ற நாட்டில் பெட்டியை வெளியே எடுத்து ஓர் இரவு தங்க நேர்ந்தால் சிக்கல்தான். ஃபுன்ஷாலிலிருந்து கிளம்பும் நாளுக்கும் லிஸ்பனிலிருந்து கிளம்பும் நாளுக்கும் இடையே ஒரு நாள் விடுவது நல்லது.

போர்ச்சுகலில் வரியைத் திரும்பப் பெற நினைப்பவர்கள், கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்கப் பதிவை முடிக்க வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் பாட்டில் பெட்டியோடு போய்விட்டது என்ற பதில் எடுபடாது.

பெட்டி கட்டுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். விமானத்தின் சரக்குப் பகுதியிலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. மேலே போனால் கார்க் பறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பாட்டிலை உடைப்பது, பெட்டி கீழே விழும்போது வாங்கும் அடி. கடினமான ஓடு உள்ள பெட்டிதான் வேண்டும். முதலில் மூடியைச் சுற்றிச் செல்லோ டேப் ஒட்டுங்கள். மடெய்ரா பாட்டில்கள் பலவற்றில் கையால் திருகி இழுக்கும் மூடி, அது தளரக்கூடும். பிறகு பாட்டிலை ஜிப் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அதன்மேல் பப்பிள் ராப் மூன்று சுற்று, கழுத்துக்கும் அடிப்பாகத்துக்கும் கூடுதலாக ஒரு மடிப்பு. கழுத்தும் அடிவிளிம்பும்தான் முதலில் விரிசல் விடும் இடங்கள். பப்பிள் ராப் கிடைக்கவில்லையென்றால் கெட்டியான துண்டு. கழுத்துக்கு ஒரு ஜோடி சாக்ஸ்.

பெட்டியின் அடியில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குத் துணி பரப்பி, பாட்டில்களை நடுவில் படுக்கையாக வையுங்கள். பாட்டிலும் பாட்டிலும் தொடக்கூடாது. இடையே ஒரு ஜீன்ஸோ ஸ்வெட்டரோ இருக்க வேண்டும். சக்கரம் உள்ள ஓரத்திலும் மூலைகளிலும் வைக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிப் போடும்போது முழு அடியும் அங்கேதான் விழும். ஷூ, சார்ஜர், பூட்டு போன்ற கெட்டியான பொருள்கள் வேறு பெட்டிக்குப் போகட்டும். மூடியபின் பெட்டியைத் தூக்கி இருபுறமும் குலுக்குங்கள். உள்ளே எதுவும் நகர்வது தெரிந்தால் திறந்து இன்னும் துணி திணியுங்கள். அரை லிட்டர் பாட்டில் ஒன்று கண்ணாடியோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. நான்குக்கு 4 கிலோவைப் போகும்போதே ஒதுக்கி வைத்தால், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போட்டு ஊறுகாய்ப் பாட்டிலா ஒயினா என்று விவாதிக்க வேண்டியிருக்காது. ‘உடையும் பொருள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதால் பலன் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் மடெய்ராவை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மற்ற ஒயின்களைப் படுக்க வைக்கச் சொல்வார்கள். மடெய்ராவின் புளிப்பும் ஆல்கஹாலும் நாளடைவில் கார்க்கை அரித்துவிடும் என்பதால் இதற்கு அந்த விதி பொருந்தாது. மர அலமாரியின் கீழ்த்தட்டு போதும். வெப்பத்தைத் தாங்கும் என்பதற்காக மொட்டைமாடிக்கு அடியிலுள்ள பரணிலோ அடுப்பு மேடைக்கு மேலோ ஏற்ற வேண்டாம். ஒயினுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கார்க் காய்ந்து வெடிக்கும். ஷோகேஸில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், விளக்கை அணைத்து வையுங்கள்.

திறந்தபின் அவசரமில்லை என்பதுதான் நம்மைப் போல எப்போதாவது குடிப்பவர்களுக்கு இதிலுள்ள பெரிய வசதி. சாதாரணச் சிவப்பு ஒயினைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும். மடெய்ராவை மூடியைப் போட்டு வைத்துப் பொங்கலுக்கு ஒரு கோப்பை, தீபாவளிக்கு ஒரு கோப்பை என்று மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம். ஒருவருக்கு 50, 60 மில்லி. அதற்கு மேல் ஊற்றுவது வீண். செர்சியாலையும் வெர்டெல்யோவையும் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் குளிரவைத்து, வறுத்த முந்திரியோடும் நெத்திலி வறுவலோடும் பரிமாறலாம். மாம்சிக்கு அதிரசம் அற்புதமாகப் பொருந்தும். வெல்லத்தின் கருகல் வாசனை இரண்டிலும் உண்டு. பழைய ஃபிரஸ்கெய்ராவாக இருந்தால், ஒரு நாள் முன்பே நிமிர்ந்த நிலையில் அசைக்காமல் திறந்து, அடியில் படிந்த வண்டல் வராதபடி வேறு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். நெடுங்காலம் அடைபட்டிருந்த நெடி அதற்குள் போய்விடும். கார்க் பொடிந்து வந்தால் பதற வேண்டாம்; மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.

மடெய்ரா கிடைக்காத பக்கம் போகிறவர்களுக்கு: போர்ட்டோ நகரில் 10 அல்லது 20 ஆண்டு பீப்பாயில் முதிர்ந்த டோனி போர்ட் வாங்கலாம், திறந்தபின் ஓரிரு மாதம் தாங்கும். ஆண்டு குறிப்பிட்ட வின்டேஜ் போர்ட் வேண்டாம். குளிர்ந்த இடத்தில் பல்லாண்டு கிடக்க வேண்டியது அது. ஸ்பெயினில் காற்றுப்பட முதிர்ந்த ஒலரோசோ ஷெர்ரி சரி, காற்றுப்படாமல் முதிர்ந்த வெளிறிய ஃபினோ ஷெர்ரி சரிவராது. மெல்போர்னில் மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம்: விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ரதர்க்ளென் மஸ்கட், வெயில் காயும் கொட்டகைகளில் பீப்பாயில் முதிர்ந்த இனிப்பு ஒயின், 375, 500 மில்லி பாட்டில்களில் கிடைக்கும். பிரெஞ்சு பர்கண்டி, போர்ச்சுகலின் வின்யோ வெர்டே போன்ற வெப்பம் தாங்காத ஒயின்களைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மார்ச், ஏப்ரல் வரை காத்திருக்காமல் பனிக்காலத்திலேயே திறந்துவிடட்டும். அதுவரை ஷோகேஸைவிட ஃப்ரிட்ஜின் அடித்தட்டு எவ்வளவோ மேல்; கதவுத் தட்டு மட்டும் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
ஒயின் வணிகத்தில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.